குடும்பத்தில் யாருக்காவது

"உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று டாக்டர் நர்மதா கேட்டபோது ஹெலன் இல்லை என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்தவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இடது காது அடைத்துக்கொள்ளும். உள்ளே மோட்டார் ஓடுவது போல இரையும். அப்புறம் உலகமே கிறுகிறுவென்று சுற்றி வாந்தியில் போய் நிற்கும். இரண்டு மாதமாக இந்தப் பாடு. தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியில், லைனில் நின்றபடியே ஒரு நாள் சரிந்து விழுந்தாள். முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டாள் சூப்பர்வைசர். பொன்னேரியில் இந்தக் காது டாக்டரிடம் வந்த பிறகுதான் அது உள்காதில் நீர் அழுத்தம் ஏறுகிற வியாதி என்று தெரிந்தது. மெனியர் என்று பெயர். விட்டு விட்டு வரும், வந்து வந்து செவியையும் மந்தமாக்கும் என்றார் டாக்டர்.

"எங்க நைனா அடிக்கடி வுழுவாரு மேடம்" என்றாள் ஹெலன். "ஆனா அவரு குடிப்பாரு. குடிச்சிட்டு வுழறாருன்னுதான் நாங்க..."

"காது கேக்குமா அவருக்கு?"

"கத்திப் பேசினாத்தான் கேக்கும்."

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "நிறைய பேருக்கு இது தனியாத்தான் வரும். ஒருசில குடும்பத்துல அப்பா, பிள்ளைங்கன்னு தொடர்ந்தும் வரும். வந்தே தீரும்னு இல்ல. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

ஹெலனுக்குக் கூடப்பிறந்தவன் தம்பி ஜெரால்ட் ஒருவன்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறான். கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்புக் கட்டுகளை ஆட்களின் தலைக்கு மேலாக நகர்த்துகிற வேலை. போன ஞாயிற்றுக்கிழமை அவன் பைக் சாவியால் காதைக் குடைந்துகொண்டே, "தண்ணி பூந்த மாரியே கீதுக்கா" என்றான். அன்று மத்தியானம் வாந்தியும் எடுத்தான். பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவனுக்கு போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. வேலைக்குள் போகும்போது போனை கேட்டில் ஒப்படைத்துவிடுவார்கள். ரயிலில் கும்மிடிப்பூண்டி போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து மில் வாசலில் நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் அவசரம் என்று செக்யூரிட்டியிடம் கெஞ்சினாள்.

ஜெரால்ட் ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஓடி வந்தான். "நைனாவுக்கு இன்னா ஆச்சி?"

"நைனாவுக்கு ஒண்ணும் இல்லடா." டாக்டர் சொன்னதை அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "நீ இன்னிக்கி மேல ஏறாத. முதல்ல காத காட்டு."

அவன் முகம் இறுகியது. "இதச் சொல்றதுக்கா இட்டாந்த? நைனா குடிச்சாரு, வுழுந்தாரு. நான் குடிக்கிறனா?"

"நானும்தான் குடிக்கல. எனக்கு வரலயா?"

"மெதுவாப் பேசு. ஒருத்தன் காதுல வுழுந்தா என் பொழப்பு போச்சி. நீ ஊட்டுக்குப் போ."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குள் கிரேனின் மணி அடித்தது. கேட்டிலிருந்து பார்த்தால் உள்ளே பாதி தெரிந்தது. சங்கிலியில் தொங்கிய கட்டு ஒன்று மெல்ல நகர்ந்தது. அதன் கீழே மஞ்சள் ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தனக்கு லைனில் வந்தபோது எந்த எச்சரிக்கையும் இல்லை என்பது ஹெலனுக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த ஸ்பானர் எங்கே போய் விழுந்ததென்றுகூட அவளுக்குத் தெரியாது. அவன் கையில் இருப்பது ஸ்பானர் இல்லை. அவனுக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இங்கே யாரிடமாவது சொன்னால் தம்பி இனி தன் முகத்திலேயே விழிக்க மாட்டான்.

ஷிப்ட் என்ஜினியர் மணிகண்டன் கேட்டைக் கடந்து போனார். "சார்" என்று கூப்பிட்டுவிட்டாள். "கிரேன்ல கீறது என் தம்பி. காது அடைச்சிக்கீது, தல சுத்தி வுழுந்துடுவான், அவன கீழ எறக்குங்க சார்."

மணிகண்டன் மேலே கை காட்டினார்; கட்டைத் தரையில் இறக்கிவிட்டு கிரேன் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, ஜெரால்ட் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். அவளைத் தாண்டிப் போனபோது அங்கே வெறும் கம்பம் நிற்பதுபோல விலகி நடந்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி கிரேஸ் போன் செய்தாள். கம்பெனியே அவனைக் காது டெஸ்டுக்கு அனுப்பியிருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணி, வெறும் அழுக்காம். எடுத்துட்டாங்க. காது நல்லாத்தான் கேக்குதாம்" என்றவள், கொஞ்சம் தயங்கி, "ஆனா கிரேன் இன்னும் குடுக்கல. கீழ பெருக்க விட்டுக்கிறாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெரால்ட் வந்தான். ஹெலனின் கணவன் லாரியில் வெளியூர் போயிருந்தான். வீட்டில் அவளும் அப்பா பாக்கியநாதனும் மட்டும் இருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே ஆரம்பித்தான்.

"எல்லாரும் என்னிய கிறுகிறுன்னு கூப்புடறானுங்க. சந்தோசமா? உனக்கு வந்தா எனக்கும் வரணுமா?"

"நான் பயந்துதாண்டா..."

"பயந்தா உன்னோட வெச்சிக்கோ! டாக்டரே இல்லன்னு சொல்லிட்டாரு, நீ யாரு..."

மேற்கொண்டு அவன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. இடது காது பொத்தென்று அடைத்தது. இரைச்சல் கிளம்பியது. கதவும் தம்பியும் ஒரு பக்கமாகப் பறந்தார்கள். பிடிக்கக் கை நீட்டினாள். சுவர் அங்கே இல்லை.

"அக்கா!" ஜெரால்ட் அவளைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தான். அவள் கருவிழிகள் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் இன்னும் அவசரமாக நிமிர்த்தினான்.

"தூக்காதடா" என்றார் பாக்கியநாதன். அவர் சத்தம் போட்டுப் பேசி அவன் பல வருஷமாகக் கேட்டதில்லை. வந்து தரையில் உட்கார்ந்து மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்கு இரண்டு பக்கமும் தலையணையை அண்டை கொடுத்தார். "பக்கெட்ட எடு. ஜன்னல சாத்து. பேசாத, பேசினா இன்னும் சுத்தும்." பிறகு அவளிடம் குனிந்தார். "கண்ண மூடாதம்மா. செவுத்துல கீற அந்த ஆணியவே பாரு. நின்னுடும். எனக்கு நின்னுக்கீது."

அவள் வாந்தி எடுத்தாள். ஆணியைப் பார்த்தாள். ஆணி ஓடியது, ஓடிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி ஓடியது. அப்பாவின் கை அவள் நெற்றியை அசையவிடாமல் பிடித்திருந்தது.

வெகுநேரம் கழித்து ஆணி நின்றது. ஜெரால்ட் பக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"நைனா, அரிசி மில்லுல மூட்டையோட வுழுந்தியே. வேலைய வுட்டுத் தொரத்தினாங்களே. அது இதுவா?"

"இதுதான். அன்னிக்கி ஒரு சொட்டு குடிக்கல. சொன்னா யாரு நம்புவாங்க?"

ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க ஸ்கூலு ஆண்டு விழா? மேடை முன்னால, எல்லாரும் பாக்க..."

பாக்கியநாதன் யோசித்தார். "அன்னிக்கி குடிச்சிருந்தேன்" என்றார்.

ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெரால்ட் அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இப்போ இல்லன்னுதான் சொன்னாங்க" என்றான் மெதுவாக. "இனிமே வரவே வராதான்னு கேட்டேன். அத யாராலயும் சொல்ல முடியாதாம்."

அவன் கிரேஸுக்கு போன் போட்டு, வர சாயங்காலம் ஆகும், நாளைக்கு நைனாவைப் பொன்னேரிக்குக் காது டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும், மில்லுக்கு லீவு சொல்லிவிடு என்றான். அப்புறம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.