ஏழாவது அட்டையின் எழுத்து

ஓவியருக்கு எழுபத்தாறு வயது. அதில் நாற்பத்திரண்டு வருஷத்தை மச்சான் மேலுள்ள கோபத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். மற்றவர்கள் கோபம் ஆறிப்போகும். இவர் தினமும் காலையில் பல் விளக்கும்போது ஒருமுறை சூடுபண்ணிக்கொள்வார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அந்தக் காலத்தில் அச்சகம் வைத்து மாதம் ஒரு காமிக்ஸ் புத்தகம் போட்டவர். உள்பக்கங்களை யார் யாரோ வரைவார்கள். அட்டைப்படம் மட்டும் நம் ஓவியர். மூன்றாம் இதழுக்கு அவர் வரைந்த புலியைப் பார்த்துவிட்டு அச்சகத்துப் பூனை வேலையை விட்டு நின்றுவிட்டது. இதற்குச் சாட்சி உண்டு. ஆனால் அது எலி.

முதல் இதழ் வருமுன்பே விளம்பரத் தாளில் 'அட்டை ஓவியம்: ஆசிரியர்' என்று மச்சான் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

"என்ன மச்சான், என் பேரைக் காணோம்?"

"யார் பேரா இருந்தா என்ன மாப்ளே? குடும்பத்துக்குள்ளதானே இருக்கு."

பெயர் குடும்பத்துக்குள் இருந்தது வாஸ்தவம். யாரிடம் இருந்தது என்பதுதான் விவகாரம். ஓவியர் வாயைத் திறக்கவில்லை. தூரிகையைத் திறந்தார்.

வரைந்த அட்டையின் தலைமாட்டில் புத்தகப் பெயர் அச்சடித்த காகிதப் பட்டியை ஒட்டித்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். பட்டிக்கு அடியில் வெற்றிடம். அங்கே மாதம் ஒரு எழுத்தாக, உள்ளங்கை அகலத்தில், சிவப்பு வண்ணத்தில் எழுதி, அதன்மேல் பட்டியை ஒட்டினார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு எழுத்து: 'என் மச்சான் அயோக்கியன்.' சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்ளலாம். கடைசி 'ன்'னுக்குப் புள்ளி வைத்த மறுநாளே வேலைக்கு முழுக்குப் போட்டார்.

பட்டி என்றைக்காவது உரியும் என்று காத்திருந்தார். பசை அவரைவிடப் பொறுமைசாலியாக இருந்தது.

இப்போது ஒரு பல் டாக்டர் அந்த மூல ஓவியங்களை மச்சானிடமிருந்து வாங்கிவிட்டாராம். ஒவ்வொன்றிலும் மச்சானின் புதுக் கையெழுத்து. கண்காட்சி, மேடை, மச்சானுக்குப் பொன்னாடை.

"போகத்தான் வேணுமா?" என்றாள் மனைவி.

"சட்டையை இஸ்திரி போடு."

"அங்கே போய் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சுவரில் பன்னிரண்டு சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. ஓவியர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் பேசினார்.

"எனக்கு ஒன்பது வயசு. காய்ச்சல். அந்தப் புலி அட்டையைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். அப்பா எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டார். இப்ப இது ஒண்ணுக்குக் குடுத்த பணத்துல கார் வாங்கியிருக்கலாம்னு வீட்டுல சண்டை. பல்லு போனா வேற பல்லு கட்டலாங்க. அந்த ஒன்பது வயசுக்கு எதைக் கட்டுறது?"

ஓவியருக்குக் கண் கலங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டார். பழிவாங்க வந்த இடத்தில் அழுவது ராசியில்லை.

மச்சான் எழுந்தார். "இந்தப் புலியை வரையறதுக்குள்ள எனக்குக் கையே ஒடிஞ்சு போச்சு..."

"டாக்டர்!" ஓவியர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தத் தலைப்புப் பட்டியை உரிச்சுப் பாருங்க."

"உரிச்சா மதிப்புப் போயிடும்!" என்று பதறினார் மச்சான். "இது என் தங்கச்சி புருஷன். கொஞ்சம் ஒரு மாதிரி."

டாக்டர் தயங்கினார். பிறகு பையிலிருந்து பல் சுரண்டும் கொக்கியை எடுத்து, முதல் பட்டியின் ஓரத்தை லேசாக நெம்பினார். உள்ளே சிவப்பு தெரிந்தது. சொத்தையைக் கண்ட பல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? பட்டி பட்டியாக உரித்துக்கொண்டே போனார். ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருஷம் ஊறிய ஊறுகாய். காதால் ருசிக்க வேண்டும்.

"எ... ன்... ம... ச்... சா... ன்..." டாக்டர் நின்றார். "ஏழாவது ஒரிஜினல் கிடைக்கலை. அச்சான அட்டையைத்தான் மாட்டியிருக்கேன். அடுத்தது யோ... க்... கி... ய... ன்."

கூட்டம் சேர்த்துப் படித்தது: "என் மச்சான் யோக்கியன்!"

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. ஓவியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். போயும் போயும் ஓர் 'அ' காலை வாரிவிட்டதே!

"இதை எழுதினது யாரு?" என்றார் டாக்டர்.

"படம் என்னோடதுன்னா எழுத்தும் என்னோடதுதான்," என்றார் மச்சான், பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே.

"உங்க மச்சான் யாரு?"

மச்சானின் விரல், பழக்கதோஷத்தில், ஓவியர் பக்கம் நீண்டது.

"அவர் யோக்கியர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப அவரையே கேட்டுடலாம். ஐயா, இதையெல்லாம் வரைஞ்சது யாரு?"

"நான்தான்," என்றார் ஓவியர்.

"ஐயய்யோ, யோக்கியன்னது அவரை இல்ல, என்னை!" மச்சான் அலறினார். "அவர்தான் என்னைப் பத்தி எழுதியிருக்கார்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பொன்னாடை தோளிலிருந்து தானாக நழுவியது.

பன்னிரண்டு சட்டங்களுக்குக் கீழும் பெயர்ச்சீட்டை அன்றே மாற்றினார்கள். ஏழாவது மூல ஓவியத்துக்கு என்ன விலையானாலும் தரத் தயார் என்று டாக்டர் மேடையிலேயே அறிவித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஓவியருக்கு உறைத்தது. தனக்கு அவர் மச்சான் என்றால் அவருக்குத் தானும் மச்சான். அந்த 'அ' மட்டும் சுவரில் இருந்திருந்தால், 'ஆமா, நான்தான் எழுதினேன், அவன்தான் அயோக்கியன்' என்று மச்சான் ஓவியர் பக்கமே கையைக் காட்டியிருப்பார். கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதைக் கவனிக்காமல் நாற்பத்திரண்டு வருஷம் தீட்டியிருக்கிறார் மனுஷன்.

மனைவி வாசலிலேயே நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய், துணி அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த அட்டையை உருவி வந்து மேஜைமேல் போட்டாள். ஏழாவது அட்டை. பட்டி பத்திரமாக இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசாமாசம் சிவப்புக் கறைச் சட்டையைத் துவைச்சது யாரு? நீங்க எழுதறதை எட்டிப் பார்த்துட்டு, அச்சகத்துலருந்து இந்த ஒண்ணை மட்டும் நான்தான் எடுத்துட்டு வந்தேன். எங்க அண்ணன் அயோக்கியன்தான். அதை நான் சொல்லலாம், நீங்க சொல்லக் கூடாது."

ஓவியர் வெந்நீர்த் துணியால் பட்டியை நனைத்து மெதுவாக உரித்தார். 'அ' நேற்று எழுதியதுபோல் பளிச்சென்று இருந்தது. அட்டையைக் காகிதத்தில் சுற்றி, மேலே முகவரி எழுதினார்.

"டாக்டருக்கா?"

"உங்க அண்ணனுக்கு. விக்கட்டும், நல்ல விலை கிடைக்கும். விக்க மனசில்லேன்னா வீட்டுலயே மாட்டிக்கட்டும்."

அவள் முகவரியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லக் கூடாதுன்னேனே?"

"நான் என்ன சொன்னேன்? ஒரே ஒரு எழுத்துதானே."

அவர் கயிற்றைச் சுற்றினார். முடிச்சு நழுவாமலிருக்க அவள் அதன்மேல் ஒரு விரலை வைத்து, நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.