ஏழு சுற்று

சொத்துக்கு மூலம் தேடுவது என் பிழைப்பு. ஒரு வீட்டையோ நிலத்தையோ யாராவது வாங்க நினைத்தால், விற்கிறவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அந்த ஆளுக்கு எந்த ஆளிடமிருந்து வந்தது என்று பழைய பத்திரங்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்து, வக்கீலிடம் எழுதிக் கொடுப்பேன். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குடும்பங்கள் மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்துகொண்டே வருகிறது. பாகப்பிரிவினைப் பத்திரங்களை நாலைந்து படித்துப் பாருங்கள். உங்களுக்கும் குறையும்.

ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றி மாவரைக்கும் எங்கள் சொந்த நீராலைக்கே நான் மூலம் தேட வேண்டி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் பெரியப்பா மகன் அலுவலகத்துக்கு வந்தான். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை; அண்ணன் என்று கூப்பிட அவன் ஒருவன்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

"ஆலைய ஒருத்தர் வெலைக்குக் கேக்கறாரு. விடுதி நடத்தறவரு. சக்கரம் சுத்தணுமாம், வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணுமாம்."

"சக்கரம் சுத்தணும்னா தண்ணி வேணுமே."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். கட்டடம் எங்களுது, தண்ணி சித்தப்பாவோடது. ரெண்டும் சேந்தாத்தான் வாங்குவாராம். அம்மாவ அந்த ஈரத்துல இன்னொரு மழைக்காலம் வச்சிருக்க முடியாது. மூச்சு வாங்குது அவங்களுக்கு."

கட்டடம் ஒருவருக்கு, தண்ணீர் ஒருவருக்கு. இந்தக் கூத்தை ஏற்பாடு செய்தவர் எங்கள் தாத்தா. இரண்டு மகன்களும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆலையையும் அரவைக் கற்களையும் மூத்தவருக்கு எழுதினார். வாய்க்காலையும் மதகையும் இளையவருக்கு எழுதினார். அண்ணன் மாவு அரைக்க வேண்டுமென்றால் தம்பி மதகைத் திறக்க வேண்டும்; தம்பிக்குக் கூலி வர வேண்டுமென்றால் அண்ணன் அரைக்க வேண்டும். எவ்வளவு புத்திசாலி என்று ஊரே மெச்சியதாம். இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிப்போட்டால் சேர்ந்துதான் நடப்பார்கள் என்று நம்பிய மனிதர். சேர்ந்து விழவும் செய்யலாம் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

கொஞ்ச காலம் நடந்தது. பிறகு பெரியப்பா ஆலையின் முன்சுவருக்கு வெள்ளையடித்து, பெரிய எழுத்தில் பெயர் எழுதினார். அவர் பெயரை மட்டும். அப்பா அதைப் பார்த்தார். நேராக மதகுக்குப் போய்ப் பலகையை இறக்கினார். பலகையை ஏற்றி இறக்கும் திருகாணியின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டார். ஆலையில் கோதுமை பாதி அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாதி மாவு கற்களுக்கு நடுவிலேயே கிடந்து, புழுத்து, காய்ந்து கல்லாகிவிட்டது. முப்பது வருடம் ஆகிறது. பெரியப்பா வேறிடத்தில் டீசல் மாவு மில் வைத்துப் பார்த்தார், தோற்றார். ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தால் அப்பா திறந்திருப்பார். கேட்கவே மாட்டேன் என்று பெரியப்பாவும் வீம்பாக இருந்து, பதின்மூன்று வருடங்களுக்கு முன் செத்துப்போனார். அப்பா சாவுக்குப் போகவில்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் என்னை வாய்க்கால் கரையில் உட்கார வைத்துத் தலைவாரிவிட்டவள் பெரியம்மா. வாரும்போது அப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஆலைக்குப் பின்னாலிருக்கும் அறையில்தான் இன்னும் இருக்கிறாள். அந்தச் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை நனையும். அவளுக்கு ஓர் உலர்ந்த வீடு கிடைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவரோ எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணி என்னுதுன்னு அவன் மகனே சொன்னானா?"

"சொன்னான்ப்பா."

"உன்கிட்ட வந்து சொன்னானா?"

"அலுவலகத்துக்கே வந்து சொன்னான்."

"அப்பச் சரி. கையெழுத்துப் போட்டுர்லாம்" என்றார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். இத்தனை வருடமும் அவர் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று புரிந்தபோது, சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மூலம் தேடத் தொடங்கினேன். தாத்தாவுக்கு ஆலை ஒரு தானிய வியாபாரியின் விதவையிடமிருந்து வந்திருந்தது. வியாபாரிக்கு ஒரு கல்தச்சரிடமிருந்து வந்தது. அடமானம் வைத்தார், மீட்க முடியவில்லை, வழக்கமான கதைதான். கல்தச்சருக்கு, ஆற்றின் மேல்பக்கம் இருந்த பெரிய பண்ணைக்காரர் நிலமும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார், தன் பண்ணைத் தானியத்தை அரைத்துத் தர வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு பத்திரத்திலும் கடைசியில் ஒரே வரி வந்துகொண்டிருந்தது: முன் பத்திரத்தில் கண்ட நிபந்தனைக்கு உட்பட்டு. எழுதியவர்கள் எல்லோரும் முன்னதைப் பார்த்து அதை அப்படியே எழுதிவைத்திருந்தார்கள். என்ன நிபந்தனை என்று ஒருத்தர்கூட முதல் பத்திரம்வரை போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்லமாட்டேன். விடுதிக்காரரின் வக்கீலும் பார்க்கத்தான் போகிறார்.

சக்கரம் தொடர்ந்து இருபது வருடம் சுற்றாமல் கிடந்தால், நிலமும் தண்ணீரும் கொடுத்தவர் வாரிசுக்கே திரும்பிவிடும். அதுதான் நிபந்தனை.

என் வக்கீல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, நடுவுல ஒருதடவையாவது சுத்துச்சா?"

"ஒருதடவை சுத்துச்சு சார். பெரியப்பாவ எடுத்த அன்னிக்கு."

அது ஊருக்கே தெரியும். பாடையைத் தூக்கும் நேரத்தில் ஆலைச் சக்கரம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தெருமுனை தாண்டும்வரை சுற்றியது, பிறகு நின்றுவிட்டது. செத்தவருடைய ஆவி சுற்றியது என்று சிலர் சொன்னார்கள். மதகுப் பலகை இற்றுப்போய்த் தண்ணீர் தானாக வந்திருக்கும் என்று அப்பா சொன்னார். நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். அப்பா முழங்கால்வரை நனைந்து பின்வாசல் வழியாக வந்ததைப் பார்த்தேன். கிணற்றடியில் நின்று கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்கிற வழக்கம் கிடையாது.

"அப்பப் பொழச்சீங்க" என்றார் வக்கீல். "மூடினதிலேருந்து அந்த நாள் வரைக்கும் பதினேழு வருஷம், அதுக்கப்புறம் பதின்மூணு. எங்கயும் இருபது ஆகல. ஆனா வெள்ளத்துல தானா சுத்தினது, பலகை ஒடஞ்சு சுத்தினது எல்லாம் செல்லாது. மதகு யார் கையில இருந்துச்சோ அவர் தொறந்தேன்னு சொல்லணும். உங்கப்பாகிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வா, போதும்."

போதும் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது.

வாக்குமூலத்தை அப்பா சொல்வதாக நானே தட்டச்சு செய்தேன். "என் அண்ணனின் உடலை எடுத்த நேரத்தில், மதகின் திருகாணியை நான்கு சுற்றுச் சுற்றி, என் கையால் திறந்தேன்." அவ்வளவுதான். சக்கரம் ஓடத் திருகாணி நான்கு சுற்று என்பது எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். தனியாகப் போனால் அப்பா என்னைக் கத்தி விரட்டுவார் என்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் உள்ளே வரத் தயங்கி, வாசலுக்கு வெளியே வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

முப்பது வருடத்துக்குப் பிறகு பெரியம்மா அந்த வாசற்படி ஏறினாள். அப்பா சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க அண்ணி."

"இருக்கட்டும் தம்பி" என்றாள், ஆனால் மூச்சு வாங்கியதால் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் எதிரிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நிபந்தனையை விளக்கிச் சொன்னேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, படிக்க முடியாது. அதனால் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். "மதகின் திருகாணியை நான்கு சுற்றுச் சுற்றி" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"நாலு இல்ல. அன்னிக்கு ஆத்துல தண்ணி கீழ கெடந்துச்சு. ஏழு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. உயர்த்திய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் அழவில்லை. பதின்மூன்று வருடம் மனத்துக்குள் வைத்திருந்த ஒன்று சரிதான் என்று தெரிந்துவிட்டது, அதற்காக அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. முடிந்தது என்று நினைத்துவிட்டேன், மடச்சி. நான்கை அடித்து ஏழு என்று எழுதிப் பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"பலகை இத்துப்போச்சு" என்றார். "அதையே எழுது."

"அப்பா, இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல."

"கையெழுத்துப் போடலேன்னா உங்க தண்ணியும் போயிடும்ப்பா. யாரோ முன்னபின்ன தெரியாதவனுக்குப் போயிடும்."

"போகட்டும். அவன் கேக்காம நான் தொறந்தேன்னு ஊர் பேசறதுக்கா? அவன் ஜெயிச்சுட்டுப் போயிட்டான்னு பேசறதுக்கா?"

செத்தவரோடு என்ன போட்டி என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். கொழுந்தன் முகத்தை நேருக்கு நேராக அவள் பார்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இத்துப்போன பலகை திரும்ப எப்படித் தம்பி மூடிக்கிச்சு?"

அப்பா சட்டைப் பொத்தானை நிமிண்டினார்.

"அவரத் தூக்கறப்ப சத்தம் கேட்டுச்சு. நீங்கதான்னு எனக்குத் தெரியும். எங்க வயித்துல அடிச்ச மனுஷன் நீங்க. இருந்தாலும் அந்தச் சத்தத்த நெனச்சுத்தான் இத்தனை வருஷமா உங்கள ஒரு வார்த்தை திட்டாம இருந்தேன்."

அப்பாவின் தலை கவிழ்ந்தது. இப்போது இறங்கி வருவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப இனிமேப்பட்டுத் திட்டிக்குங்க அண்ணி" என்றார்.

பெரியம்மா திட்டவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். வெளியே அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. பண்ணைக்காரரின் வாரிசு நகரத்தில் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர். "அப்படி ஒரு ஆலை இருக்கா என்ன?" என்று போனில் ஆச்சரியப்பட்டார். விடுதிக்காரர் அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டார். அவருக்கு யாரிடம் வாங்கினால் என்ன. டாக்டர் ஆலையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரத்துக்கு மூலம் தேடி எழுதிக் கொடுத்ததும் நான்தான். என் அறிக்கையில் எங்கள் குடும்பம் ஒன்றரை பக்கம் வந்தது.

பெரியம்மா இப்போது அண்ணனோடு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அறை என்னவோ உலர்ந்த அறைதான். ஆனால் படி ஏற முடியாததால் மாதக்கணக்கில் கீழே இறங்குவதில்லை. நான் வாராவாரம் போய் அவளுக்குத் தலைவாரிவிடுகிறேன். அப்பாவைப் பற்றி அவள் இப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. முன்பு அது பெருந்தன்மையாக இருந்தது. இப்போது அவளுக்கு அப்படி ஓர் ஆளே கிடையாது.

கற்களுக்கு நடுவிலிருந்த பழைய மாவைச் சுரண்டி எடுக்க விடுதி ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்ததாம். மதகுக் கைப்பிடியைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. அப்பா தரவில்லை. அவர்கள் புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள்.

இப்போது சக்கரம் பகல் முழுவதும் சுற்றுகிறது. எங்கள் வீடு வாய்க்காலின் கீழ்ப்பக்கம் என்பதால் சத்தம் நன்றாகவே கேட்கும். அப்பா கட்டிலில் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். இந்தக் கோடையில் ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் சத்தம் விட்டுவிட்டுத் தேய்ந்து வந்தது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நாலுலயே விட்டு வச்சிருக்கானுங்க, வெவரங்கெட்ட பயலுங்க. தண்ணி கீழ கெடக்கறப்ப ஏழு வேணும்."

"எப்பப்பா ஏழு தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வரும் என்று அவர் கை கழுவும்வரை நின்றேன்.