அக்காவையும் கழற்றிய வெள்ளிக்கிழமை

அக்காவுக்குப் பத்து நாள் லீவு வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. மேலாளரோ, "நீங்க போயிட்டா யாரு பாக்கறது?" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

எதைப் பார்ப்பதாம்? இரண்டு வரிசையாக அடுக்கிய ஒன்பது கம்ப்யூட்டர்களை. ஒயரால் கோத்த அந்த ஒன்பதையும் ஒரே கம்ப்யூட்டர் மாதிரி ஓடவைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவளே அக்காதான். ஒரு பெட்டி படுத்துக்கொண்டால் மற்றவை அதன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த முடிவுக்கும் ஐந்து பெட்டியாவது சேர்ந்து தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒன்பதில் எது போனாலும் பரவாயில்லையாம், அக்கா மட்டும் போகக் கூடாதாம்! இது எந்த ஊர் நியாயம்?

அக்கா சண்டைக்கே போய்விட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் மேலாளர் சோதனை அறைக்கு வந்து, தோன்றிய ஒயரைக் கழற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். "இந்த வாரம் உங்களையும் கழட்டிப் பாக்கறேன். ஒரு மணி நேரம். உங்க டீம்ல மத்த மூணு பேரும் சமாளிச்சா லீவு," என்றார். வெள்ளிக்கிழமை வந்ததும் போனை வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளை உட்காரவைத்தார்.

பாவி மனுஷன், ஐந்து இருந்த வரிசையில் ஒரு பெட்டியை அணைத்தார். அத்தோடு விட்டாரா? இரண்டு வரிசைக்கும் நடுவிலிருந்த ஒயரையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டார். அணைத்த பெட்டியை யாரும் தொடக் கூடாதாம். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. எங்கேயும் ஐந்து தேறவில்லை. எட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

அக்கா எழுந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். இதற்கு அவள் நாற்பது வரி கமாண்டு அடிப்பாள். அது அவள் மண்டைக்குள்தான் இருந்தது, ஒருத்தருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. யாரை நொந்து என்ன பயன்? உள்ளே மூன்று பேரும் கத்திக்கொண்டார்கள். ஐம்பது நிமிஷம் ஓடியது. போச்சு, லீவு போச்சு.

அப்போது மூவரில் ஒருத்தி இந்த வரிசைப் பெட்டி ஒன்றை அணைத்தாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு நடந்தாள். அங்கே ஒயரைச் சொருகி ஆன் பண்ணினாள். அந்தப் பக்கம் ஐந்து! வேலை ஓட ஆரம்பித்தது.

மேலாளர் கதவைத் திறந்தார்.

"பெட்டியத் தூக்கிட்டுப் போறது ஒரு முறையா? அசிங்கமா இல்ல?" என்று பொரிந்தாள் அக்கா.

"ஓடுதா, இல்லையா?"

"ஓடுது."

"அப்ப கிளம்புங்க."

போன் கைக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள். "நாளைக்கே வரேன்டி. இங்க நான் இல்லாமலே எல்லாம் ஓடுது." சந்தோஷமாகத்தான் சொன்னாள், ஆனால் அது புகார் மாதிரிக் கேட்டது.

"இங்க ஓடாதும்மா," என்றாள் மகள். "சீக்கிரம் வா."