மேபலுக்கு மூன்று மணிக்கு இரண்டு துண்டு

டெரிக் ஹாலமின் வீட்டில் தண்ணீர் எங்கே தேங்கி நின்றாலும் அதில் ஒரு கெண்டை மீனின் வாய் மேலே வந்து திறந்து மூடியது. முதலில் வந்தது 1988 ஜூலை பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, பாத்திரம் கழுவும் தொட்டியில். மீனின் உடம்பை யாரும் பார்த்ததில்லை, வாய் மட்டும்தான். தடித்த மஞ்சள் உதடு, வலது பக்கம் மட்டும் மீசை, கீழுதட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. தண்ணீருக்குத் தக்கபடி வாயின் அளவும் மாறியது. குளிக்கிற தொட்டியில் சாசர் அளவு, டீக்கோப்பையில் மோதிரத்தின் அளவு. ‘ப்ளப்’ என்று ஒரு சத்தம், தின்ன ஏதாவது கேட்பதுபோல. டெரிக்கின் மனைவி மார்ஜரி இரண்டு நாள் அலறினாள், மூன்றாம் நாளிலிருந்து அதைச் சுற்றித் தட்டுகளைக் கழுவப் பழகிக்கொண்டாள். குழாய் பழுது பார்க்கிற கீத் மூன்று முறை வந்து போனான். ‘குழாயில் கோளாறு இல்லை, மீன் உண்டு’ என்று பில்லில் எழுதிக்கொடுத்தான். அந்த வருஷம் எங்கள் ஊர் ஓக்கர்பியில் ஒரு பாக்கெட் பிரெட் ஐம்பது பென்ஸ், ஆப்பிள் விளைச்சல் சுமார்.

அது யாருடைய வாய் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் பின்னால் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து குட்டையாகக் கிடக்கிறது. கிரிக்கெட் மைதானத்தில் பாதிகூட இராது. அதில் நாற்பத்துச் சொச்சம் கெண்டைகள், அவற்றுக்கு முப்பத்தொரு பேர் கொண்ட ஒரு சங்கம், சங்கத்துக்குச் செயலாளர் டெரிக். பிடித்த மீனை எடை பார்த்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், சாக்கில் போட்டு வைக்கக் கூடாது. எடையை இன்னொரு உறுப்பினர் தன் கண்ணால் பார்த்திருந்தால்தான் செல்லும். இந்த இரண்டு விதிகளையும் அழகான கையெழுத்தில் எழுதிக் குட்டையின் வேலிக் கதவில் ஒட்டியவன் டெரிக்தான். குட்டையிலேயே பெரிய கெண்டைக்கு, கீழுதட்டில் வெள்ளைப் புள்ளி உள்ளவளுக்கு, மேபல் என்று பெயர். பதினாறு வருஷமாக அவள் யாருடைய கைவலையிலும் ஏறியதில்லை.

அந்தப் பதினாறு வருஷமும் வில்ஃப் பாரோ அவள் பின்னால் ஊர்ந்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஊர்ந்தான். பிரெட் போட்டுக் கெண்டை பிடிக்கிறவன் நிமிர்ந்து நடந்து போக முடியாது. கரை அதிர்ந்தால் மீன் போய்விடும், நிழல் விழுந்தாலும் போய்விடும். கடைசி இருபது கஜம் வயிற்றால்தான் போக வேண்டும். பிரெட்டின் ஓரத்தைக் கிள்ளி, தூண்டில் முள் இல்லாமல் நாலு துண்டு மிதக்கவிட்டு, மீன் அவற்றை நம்பித் தின்ற பிறகு ஐந்தாவது துண்டை முள்ளோடு இறக்க வேண்டும். மேபல் நாலையும் தின்பாள். ஐந்தாவதை உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பிப் போவாள். வில்ஃப் எழுந்து, சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, “நாளைக்குப் பாப்போம்” என்பான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். செங்கல் சூளையில் டெரிக்குக்குப் பக்கத்தில் நின்று முப்பது வருஷம் வேலை பார்த்தவன். நாங்கள் மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தோம், அதனால்தான் இருவரையும் அவன் இவன் என்கிறேன்.

1988 கோடையில் வில்ஃப் ஒரு புது யோசனை செய்தான். கோடை முழுக்க முள்ளே கிடையாது. தினமும் மூன்று மணிக்கு வில்லோ மரத்தடியில் இரண்டு துண்டு பிரெட், அவ்வளவுதான். அவள் தன்னை முழுசாக நம்பிய பிறகு, செப்டம்பரில் ஒரே ஒருமுறை முள்ளைப் போடுவது. ஜூலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இடுப்பு மூட்டு மாற்றுவதற்கு அவன் முறை வந்துவிட்டது, மூன்று வாரம் படுக்கை.

“டெரிக், மூணு மணிக்கு ரெண்டு துண்டு. வில்லோ மரத்தடியில. வேற ஒண்ணும் செய்ய வேணாம்டா.”

“நீ போய் இடுப்ப மாத்திட்டு வா. புது இடுப்புக்கு ஒரு பொண்ணு பாத்துரலாம்.”

“என்னை எவடா பாப்பா? நீ மேபலப் பாத்துக்கோ, போதும்.”

டெரிக் ஐந்து நாள் வில்ஃப் சொன்னபடி செய்தான். மேபல் அவன் கைக்கு ஒரு முழத்துக்குள் வந்து தின்றாள். ஆறாம் நாள் சனிக்கிழமை. டெரிக் பிரெட்டோடு தூண்டிலையும் எடுத்துக்கொண்டு போனான். ஏன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டுப் பார்த்திருக்கிறான். மேபல் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. வில்ஃப் ஒன்றரை மாதம் தின்னக் கொடுத்த நம்பிக்கையோடு வாயைத் திறந்தாள். இருபது நிமிஷத்தில் கைவலையில் கிடந்தாள். தராசு முப்பத்தொரு பவுண்டு என்றது, ஆனால் பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. அப்போது அவளை விட்டிருக்கலாம். டெரிக் அவளை ஈரச் சாக்கில் போட்டு, ஆழமில்லாத ஓரத்தில் கட்டி வைத்துவிட்டு, சாட்சிக்கு ஆள் தேடி ஓடினான்.

ஊரில் ஒருவர் வீட்டிலும் இல்லை, கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. சங்கத்தின் பொருளாளர் லென் காப்லி மட்டை பிடித்துக்கொண்டிருந்தார். லென் வாழ்நாளில் ஒன்பது ரன் தாண்டியதில்லை, ஐந்து நிமிஷத்தில் அவுட்டாகி வந்துவிடுவார் என்று டெரிக் எல்லைக் கோட்டில் நின்றான். ஆடிக்கொண்டிருக்கிற மனிதரை மைதானத்துக்குள் போய்க் கூப்பிடுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம், வீடு பற்றி எரிந்தாலும் ஓவர் முடிகிறவரை பொறுப்போம். லென் அன்றைக்கு அவுட்டாகவே இல்லை. அறுபத்தொரு ரன் எடுத்தார். வெயில் கொளுத்தியது. இடையில் டீ இடைவேளை வந்தது, லென் சாண்ட்விச்சும் தட்டுமாக ஆட்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார், அங்கேயும் வாயைத் திறக்க டெரிக்குக்கு வெட்கமாக இருந்தது. என்ன சொல்லுவான்? மீனைச் சாக்கில் போட்டிருக்கிறேன் என்றா? இரண்டு மணி நேரம் கழித்து லென் வியர்வையோடு வெளியே வந்து, “என்னப்பா டெரிக், என்னையா தேடுறே?” என்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல லென், பிரமாதமா ஆடுனீங்க” என்று சொல்லிவிட்டுக் குட்டைக்கு ஓடினான்.

சாக்குக்குள் தண்ணீர் குளிக்கிற சூட்டில் இருந்தது. மேபல் செத்திருந்தாள். டெரிக் அவளை மழைக்கோட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பின்தோட்டத்தில் ருபார்ப் செடிகளுக்கு அடியில் புதைத்தான். அடுத்த நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் பாத்திரத் தொட்டியில் வாய் வந்தது. அவன் பிரெட்டைக் கிள்ளிப் போட்டான். வாய் அந்தத் துண்டை உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அன்றிலிருந்து அவன் கையால் ஒரு துகளும் தின்னவில்லை.

ஆகஸ்ட்டில் வில்ஃப் ஊன்றுகோலோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். வணக்கம் சொல்வதற்கு முன்னால், “சாப்பிட்டாளா?” என்று கேட்டான்.

“சாப்பிட்டா. தினமும்,” என்றான் டெரிக்.

இதுதான் முதல் பொய். பிறகு வந்தவை எல்லாம் இதன் குட்டிகள். வில்ஃப் ஊன்றுகோலைக் கரையில் வைத்துவிட்டு, புது இடுப்பை இழுத்துக்கொண்டு, மறுபடியும் வயிற்றால் ஊர ஆரம்பித்தான். இல்லாத மீனுக்கு மூன்று மணிக்கு இரண்டு துண்டு. பிரெட்டைச் சின்ன மீன்கள் கொத்திப் போயின. வில்ஃப் முகம் வாடும்போதெல்லாம் டெரிக், “நேத்து அல்லிக் கொடிப் பக்கம் பாத்தேன்டா, முதுகு மட்டும் தெரிஞ்சுது” என்பான். வில்ஃப் தெம்பாகி அல்லிக் கொடிப் பக்கம் ஊர்வான். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவன் சேற்றில் ஊர்வதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குனிந்தால் அங்கே அந்த வாய். டெரிக் கிண்ணத்தில் தண்ணீர் பிடிப்பதை விட்டான். ஓடுகிற குழாயிலேயே முகம் கழுவினான். டீயை நின்றபடி ஒரே மூச்சில் விழுங்கினான், வாய் திறப்பதற்குள்.

வில்ஃப் ஞாயிறுதோறும் டெரிக் வீட்டில்தான் டீ குடிப்பான், இருபது வருஷப் பழக்கம். அது நின்றுபோனது. சமையலறைக்கு வர்ணம் அடிக்கிறோம் என்றான் டெரிக். அந்த வர்ணம் ஏழு வருஷம் காயவில்லை. ஒருநாள் வாசலில் நின்று வில்ஃப் கேட்டதை நானே காதால் கேட்டேன். “நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாடா?” டெரிக், “சேச்சே, பெயிண்ட் வாசனை உனக்கு ஆகாது” என்று கதவைப் பாதி சாத்தினான். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் டீ குடித்தவர்கள். கோப்பையில் வெள்ளைப் புள்ளியைப் பார்த்தவர்கள். வில்ஃபிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்தவன் வீட்டுத் தொட்டியில் இருப்பதைப் பற்றி வெளியே பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்தோம். அதை மரியாதை என்று நினைத்ததற்கு எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

1995இல் மழை பொய்த்தது. குட்டை முழங்கால் அளவுக்கு வற்றி, ஓரத்துச் சேறு வெடித்தது. மீன்களை வலை போட்டு எடுத்துப் பக்கத்து ஊர் ஏரிக்குக் கொண்டுபோக சங்கம் முடிவு செய்தது. அன்று வில்ஃப் சவரம் செய்து, டை கட்டிக்கொண்டு வந்தான். “பிடிக்கத்தான் முடியல, ஒரு தடவை தூக்கியாவது பாத்துர்றேன்” என்று எல்லோரிடமும் சொன்னான். வலையை ஐந்து முறை இழுத்தோம். நாற்பத்துமூன்று கெண்டை. ஒவ்வொன்றையும் வில்ஃப் குனிந்து உதட்டைப் பார்த்தான். கடைசி வலையில் சேறும் ஒரு சைக்கிள் சக்கரமும் வந்தன. “இன்னொரு தடவை இழுங்கப்பா,” என்றான். இழுத்தோம். “இன்னும் ஒரே ஒரு தடவை,” என்றான். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது டெரிக் அவன் தோளைத் தொட்டான்.

“வில்ஃப். வீட்டுக்கு வாடா. டீ குடிக்கலாம்.”

நடந்ததை மார்ஜரி பிறகு சொன்னாள். டெரிக் பெரிய தகரத் தொட்டியைச் சமையலறைத் தரையில் வைத்து நிரப்பினான். தண்ணீர் அடங்கியதும் வாய் வந்தது. டெரிக் சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னான். தூண்டில், சாக்கு, லென்னின் அறுபத்தொரு ரன், ருபார்ப் செடி. வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “எத்தனாவது துண்டுக்கு எடுத்தா?”

“முதல் துண்டுக்கே,” என்றான் டெரிக்.

வில்ஃப் தலையை ஆட்டினான். “ஏழு வருஷமா நான் ஊர்றதப் பாத்துட்டு நின்னியேடா,” என்றான். டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

மூன்று வாரம் அவன் தெருவுக்கே வரவில்லை. நாலாவது வாரம், சரியாக மூன்று மணிக்கு, கையில் பிரெட்டோடு மார்ஜரியின் கதவைத் தட்டினான். டெரிக்கைத் தாண்டி உள்ளே போனான். சமையலறை வாசலிலேயே படுத்து, தகரத் தொட்டிவரைக்கும் தரைவிரிப்பில் வயிற்றால் ஊர்ந்து போனான். மூன்று கஜம் போகக் கால் மணி நேரம் ஆயிற்று. கையை மட்டும் விளிம்புக்கு மேல் தூக்கி ஓரத்தைக் கிள்ளிப் போட்டான். ‘ப்ளப்.’ தின்றாள். இரண்டு துண்டையும் தின்றாள். மார்ஜரி துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற டெரிக்கைப் பார்த்து வில்ஃப் முதல்முறையாகப் பேசினான். “நிழல் விழுது. தள்ளி நில்லு.” அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு டெரிக் தோட்டத்துக்குப் போய், ருபார்ப் பாத்திக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மழை பெய்தாலும் நின்றான்.

அடுத்த வசந்தத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. இந்த முறை மறுபக்கத்து இடுப்பு. வில்ஃப் தோட்டத்துக்கு வந்து, டெரிக்குக்கு எதிரே நின்று, பிரெட் பையை நீட்டினான்.

“மூணு மணிக்கு ரெண்டு துண்டு,” என்றான். பையை விடாமலே, “முள் இல்லாம,” என்றான்.

முதல் தடவை இதைச் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்குள் இருக்கவில்லை. டெரிக் பையை வாங்கிக்கொண்டான். மறுநாள் மூன்று மணிக்கு அவன் சமையலறைத் தரையில் படுத்து ஊர்ந்தான். முழங்கை தோல் உரிந்தது. இரண்டு துண்டையும் போட்டுவிட்டுக் காத்திருந்தான். வாய் வந்தது, ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்தது, விட்டுவிட்டது. பிரெட் ஊறி அடியில் போய்ப் படிந்தது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

“சாப்பிட்டாளா?”

டெரிக் போனோடு திரும்பி, தொட்டியின் அடியில் படிந்த பிரெட்டைப் பார்த்ததாக மார்ஜரி சொல்கிறாள். “சாப்பிட்டா” என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்திருக்கும், ஏழு வருஷப் பழக்கம் அல்லவா.

“இல்லடா. சாப்பிடல.”



“சரி,” என்றான் வில்ஃப். “நாளைக்கும் போடு.”

டெரிக் போட்டான். இப்போதும் போடுகிறான். தரை அதிர்ந்தால் மீன் போய்விடும் என்று மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, தபால்காரர் இரண்டரைக்கே வந்து போய்விடுகிறார்.