முதல் சுற்றில் பறக்காதீங்க அண்ணி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெம்பு இருக்கும்போதே கனமான ஈரப் போர்வைகளைத் தூக்கி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுவிடுவோம். தலையணை உறைகளைக் கடைசிக்கு வைப்போம். அந்தப் புத்தி ஓட்டத்திலும் என்னை விடவில்லை. முதல் சுற்றைத் தலைதெறிக்க ஓடிவிட்டு, மூன்றாவதில் நாக்குத் தள்ளி நின்றுவிடுவேன்.

தீயணைப்புத் துறையின் ஓட்டத் தேர்வில் இப்படியே இரண்டு முறை தோற்றேன். இந்த ஆண்டோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. என் நாத்தனாரும் இதே வேலைக்குத்தான் மனுப் போட்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளை விரட்டிய கையோடு மாலையில் என்னையும் மைதானத்துக்கு இழுத்துப்போவாள்.

அவள் தரும் பயிற்சி இதுதான்: ஒரு சுற்று ஓட வேண்டும், அரைச் சுற்று நடக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு நேரம்தான் ஆக வேண்டும். கேட்க எளிதுதான். பகல் முழுக்க நின்ற காலுக்கு அதெல்லாம் புரியவா போகிறது?

“முதல் சுத்துல பறக்காதீங்க அண்ணி. என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க, போதும்.”

“உன் முதுகுல அப்படி என்ன படமா ஓடுது?”

“ஓடுறது நான்தான். வாங்க.”

மாதக்கணக்கில் அந்த முதுகைப் பார்த்தே ஓடினேன். வெறுத்துப்போனது. ஆனால் மெதுவாகத் தொடங்கக் கால் பழகிவிட்டது. கடைசிச் சுற்றிலும் மூச்சு மிச்சமிருந்தது.

தேர்வன்று விசில் ஊதியதும் நாத்தனார் பறந்தாள். அவளா? எனக்குப் பகீரென்றது. பக்கத்தில் யாரோ முந்தியதும் பதறிப்போய்க் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிட்டாள். பழகிய முதுகு தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. பின்னாலேயே ஓடிவிடலாம் என்று உடம்பெல்லாம் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் போகவிட்டேன். ஏறக்குறையக் கடைசி ஆளாக, என் வேகத்திலேயே ஓடினேன். அவமானமாக இருந்தது.

மூன்றாம் சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனார்கள். நான்காவதில், அதுதான் கடைசி, அவளை எட்டிப்பிடித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தாள்.

“என் பின்னாடி வா,” என்றேன். கொஞ்ச தூரம் வந்தாள். பிறகு காலடிச் சத்தம் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தேறிவிட்டேன். அவள் முடிவுக் கோட்டைத் தொட்டபோது, நேரம் முடிந்துவிட்டதென்று அதிகாரி கொடியை இறக்கியிருந்தார்.

சான்றிதழ்களைச் சரிபார்க்க வரிசையில் நின்று, எல்லாம் முடித்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தோம். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது. அவளே கைபேசியை எடுத்து அவள் அண்ணனை, அதாவது என் கணவரை, அழைத்தாள்.

“அண்ணா, அண்ணி பாஸாயிட்டாங்க. ஆமா, நல்லா ஓடினாங்க. நான் சொன்ன மாதிரியே ஓடினாங்க.”

“சரி, நீ?” மறுமுனையில் அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

அவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க அண்ணி. எனக்கு மூச்சு வாங்குது.”

ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.