தட்டாத கதவு

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ஏரியைப் பார்த்த மேட்டில் அந்தத் தியான இல்லம் இருந்தது. முன்பு கன்னியாஸ்திரிகளின் மடமாக இருந்த பழைய செங்கல் கட்டடம். இப்போது அங்கே ஏழு பேர் ஒன்றாக வாழ்ந்தார்கள். அவர்களில் ஸ்டெபனி மட்டுமே தமிழ். பதினொரு வயதில் பாசையூரிலிருந்து தாயோடு கனடாவுக்கு வந்து, பார்க்டேலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, பதினான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். தாய் இறந்த வருடம் ஒரு சனி ஞாயிறு அமைதியாக இருந்துவிட்டுப் போகலாமென்று இங்கே வந்தாள். பிறகு போகவில்லை. அது ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை.

காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஐந்தரைக்கும் சிற்றாலயத்தில் கூடுவார்கள். மணி அடிக்கும், ஒருவர் ஒரு சங்கீதம் வாசிப்பார், அதன்பின் இருபத்தைந்து நிமிடம் மௌனம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஆளுக்கு ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, நினைப்பு எங்கே ஓடினாலும் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரவேண்டும். எட்டு நாள் தியானத்துக்கு வருபவர்கள் போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலும் பேசாமல் இருப்பார்கள். யாராவது ஜெபத்துக்கோ சாப்பாட்டுக்கோ வராவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூடிய கதவைத் தட்டமாட்டார்கள். அவர் தன் பாட்டில் கடவுளோடு இருக்கிறார் என்று விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம்.

வருபவர்களைக் கவனிப்பது ஸ்டெபனியின் பொறுப்பு.

ஏப்ரல் மாதத்தில் விட்பியிலிருந்து யதுஷா என்ற பெண் தன் தாயைக் காரில் கொண்டுவந்து விட்டாள். தாயின் பெயர் கோணேஸ்வரி. மட்டக்களப்புப் பக்கம். வயது அறுபத்திரண்டு. கணவர் வீரக்குட்டி ஜனவரியில் வேலைத்தளத்தில் மயங்கி விழுந்து அங்கேயே இறந்துபோயிருந்தார். தாய்க்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, காலையில் குளிசை போட்டாரா என்று ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று யதுஷா இரண்டு தரம் சொன்னாள். தான் பார்த்துக்கொள்வதாக ஸ்டெபனி சொன்னாள்.

மகளின் கார் போனதும் கோணேஸ்வரி ஸ்டெபனியின் கையைப் பிடித்தார்.

"மகள், நான் சைவம். இஞ்ச இருந்தா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறச் சொல்லுவீங்களோ?"

"இல்லை அன்ரி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். சும்மா இருந்தால் காணும்."

அதற்குத்தான் வந்தேன் என்றார் கோணேஸ்வரி. வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோயிலுக்குப் போனால் அங்கேயும் பிடித்துக்கொண்டார்கள். எப்படி விழுந்தவர், யார் கண்டது, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது. சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது.

முதல் மூன்று நாளும் அவர் ஒரு ஜெபத்தையும் தவறவிடவில்லை. பின்வரிசைக் கதிரையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைகளை மடியில் வைத்து இருந்தார். காலையில் ஸ்டெபனியைக் கண்டதும் அன்றைய குளிசை எடுத்த மட்டையைத் தூக்கிக் காட்டித் தலையாட்டுவார். தியானத்துக்கு வந்தவர்கள் தினமும் அரை மணி நேரம் ஒருவரோடு பேசலாம். கோணேஸ்வரிக்கு அது ஸ்டெபனிதான். மூன்றாம் நாள் அவர் கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று கேட்டார்.

"முருகா எண்டுதான் சொல்லிப் பாத்தன், மகள். நிக்குதில்ல. அவர்ட பேர்தான் வருகுது. முப்பத்தெட்டு வருசம் அந்தப் பேர என்ட வாயால சொன்னதில்ல. இப்ப சொல்லலாமோ?"

சொல்லலாம் என்றாள் ஸ்டெபனி. கோணேஸ்வரி அவளுக்கு முன்னாலேயே, மெதுவாக, பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவதுபோல், "வீரக்குட்டி" என்று சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அன்று மாலை முழுவதும் ஸ்டெபனிக்கு மனம் நிறைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் இத்தனை நெருக்கமாக ஒருவரும் அவளிடம் தன் ஜெபத்தைத் திறந்து காட்டியதில்லை.

நான்காம் நாள் மழை. பதினொன்றரைக்குக் கோணேஸ்வரி சமையலறைக்கு வந்து போத்தலில் சுடுதண்ணீர் எடுத்துப் போனதை இல்லத்துச் சகோதரி ஒருவர் கண்டார். நண்பகல் ஜெபத்துக்கு அவர் வரவில்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டெபனி தட்டில் பருப்பு சூப்பும் பாணும் வைத்து மேல்மாடியில் அவருடைய பதினோராம் அறைக்கு எடுத்துப் போனாள்.

கதவடியில் நின்றபோது உள்ளே குரல் கேட்டது. தெளிவில்லாத முனகல். "வீ... வீ..." என்று ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. இடையிடையே ஏதோ மரத்தில் உரசும் சத்தம். ஸ்டெபனி தட்டுவதற்குக் கையை உயர்த்தினாள். அந்த மனுசி முப்பத்தெட்டு வருடம் வாயில் வராத பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதற்குள் நான் சூப்போடு நுழைவதா என்று நினைத்தாள். கையை இறக்கினாள். இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நின்று கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கியது. தட்டைக் கதவருகில் வைத்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனாள்.

இல்லத்துப் பொறுப்பாளர் பாதர் றோய் எழுபது கடந்த கனடியர். மௌன நாட்களில் அவருக்கு ஏதாவது சொல்வதென்றால் எழுதித்தான் கொடுப்பார்கள். பதினோராம் அறையில் ஜெபம் மிக ஆழமாகப் போகிறது, வாசலில் நின்று கேட்டேன் என்று ஸ்டெபனி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் வாசித்துப் புன்னகைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மாலை ஜெபத்துக்கும் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. இருபத்தைந்து நிமிடமும் ஸ்டெபனியால் தன் சொல்லில் நிற்க முடியவில்லை. முடிவு மணி அடித்ததும் மேலே ஓடினாள். தட்டு வைத்தபடியே இருந்தது. சூப்பில் ஆடை படிந்திருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள், கதவைத் திறந்தாள்.

கோணேஸ்வரி கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்குக் கீழே மடங்கியிருந்தது. இடது குதிக்காலில் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. கட்டில் காலில் அவர் உதைத்து உதைத்து உரசிய இடம் அது. கண்கள் திறந்திருந்தன. அவை ஸ்டெபனியைப் பார்த்தன.

மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்கட்டி என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில மணித்தியாலங்களுக்குள் ஏற்றவேண்டும், இப்போது பிந்திவிட்டது, மத்தியானமே கொண்டுவந்திருந்தால் செய்து பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். பதினொன்றரை என்றாள் ஸ்டெபனி. அதன்பிறகு யாராவது ஏதாவது சத்தம் கேட்டார்களா, கண்டார்களா? யதுஷா பக்கத்தில் நின்று ஸ்டெபனியின் முகத்தையே பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டாள் ஸ்டெபனி.

கோணேஸ்வரி சாகவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மற்றவர்கள் பேசுவது ஓரளவு விளங்குகிறது, திரும்பச் சொல்லத்தான் வராது என்று சொன்னார்கள்.

இல்லத்தில் பாதர் றோய் ஸ்டெபனியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உன் மனதில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை, கடவுளுக்கு அது தெரியும் என்றார். இல்லத்தின் காப்புறுதிக்காரர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவள் வெளியே போகும்போது, அந்தத் துண்டைத் தான் எறிந்துவிட்டதாகவும் சொன்னார். ஸ்டெபனி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் இந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்துதான் அவள் ஜெபம் பழகினாள்.

பத்து நாள் அவள் சிற்றாலயத்துக்குப் போய் வந்தாள். மணி அடித்து மௌனம் தொடங்கினால் அந்த உரசல்தான் கேட்டது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கார் நிறுத்தும் இடத்தில் யதுஷாவைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு எழுதியதையும் சொன்னாள்.

யதுஷா கார்க் கதவைத் திறந்தபடி நின்று கேட்டாள்.

"எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு அம்பது."

"எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"ரெண்டு மூண்டு நிமிசம்."

"அம்மா ஹெல்ப் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறா. நீங்கள் நிண்டு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்." அவள் குரல் உயரவில்லை. "டொக்டர் கேக்கேக்க தெரியாது எண்டு சொன்னனீங்கள். இனி இஞ்ச வராதேங்கோ."

யதுஷாவின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ஸ்டெபனி தனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அதன்பின் இல்லத்தில் சாப்பாட்டு மேசையில் உப்பைத் தரும்படி கேட்பதற்கு மேல் அவளோடு யாரும் பேசவில்லை. மௌன நாட்கள் இல்லாத நாட்களிலும் அப்படித்தான். ஜெபத்துக்கு வராதவரின் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும் என்ற புதிய விதி ஜூனில் வந்தது. அதை அறிவித்தபோது கோணேஸ்வரியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. செப்டெம்பரில் ஸ்டெபனி ஒரு சூட்கேசோடு வெளியேறினாள். ஒஷாவாவில் ஒரு பேஸ்மென்ட் அறை எடுத்து, பேக்கரி ஒன்றில் விடியற்காலை வேலைக்குச் சேர்ந்தாள். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கோணேஸ்வரியை விட்டிருந்தார்கள். அதுவும் ஒஷாவாவில்தான். அது தெரிந்துதான் அவள் அங்கே போனாள். ஆனால் உள்ளே போகவில்லை. சில நாட்களில் பஸ்சில் அந்த வாசலைக் கடந்து போவாள்.

ஜனவரியில் யதுஷா, வக்கீலிடம் இலக்கம் வாங்கி, ஸ்டெபனிக்குப் போன் எடுத்தாள். அம்மா மெலிந்துவிட்டா என்றாள். அங்கே வேலை செய்பவர்களுக்கு நேரமில்லை, அவசரமாக ஊட்டினால் துப்பிவிடுகிறா. மற்ற நாட்களில் தானும் கணவரும் மாறி மாறிப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் வேலை.

"நான் மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேண்டாம்," என்றாள். "ஞாயிறு மத்தியானத்துக்கு எங்களிட்ட ஆளில்லை. அம்மாக்கு இங்கிலீசும் விளங்காது. அதுதான்."

"வாறன்," என்றாள் ஸ்டெபனி.

கோணேஸ்வரி சக்கர நாற்காலியில் ஜன்னலருகே இருந்தார். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். ஸ்டெபனியைக் கண்டதும் இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். அந்த முகத்தில் வந்தது வரவேற்பு என்று ஸ்டெபனிக்கு விளங்கியது. மகள் தாய்க்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பேசாமல் ஊட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டெபனி கதிரையை இழுத்து முன்னால் இருந்தாள்.

"அன்ரி, அண்டைக்கு நீங்கள் விழுந்து கிடந்தபோது நான் கதவுக்கு வெளியில நிண்டனான். நீங்கள் கூப்பிட்டது கேட்டது. நீங்கள் ஜெபம் செய்யிறியள் எண்டு நினைச்சுப் போட்டுத் திரும்பிப் போனனான். தட்டேல்லை."

கோணேஸ்வரி அவளை வெகுநேரம் பார்த்தார். ஸ்டெபனி மசித்த சோற்றைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். கோணேஸ்வரி இடது கையால் அதைத் தட்டிவிட்டார். சோறு ஸ்டெபனியின் மடியில் விழுந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மணி வரை திரும்பவில்லை. ஸ்டெபனி நிலத்தைத் துடைத்தாள், கோப்பையை மூடி வைத்தாள், இரண்டு மணி வரை பக்கத்தில் இருந்தாள். சாப்பிடவில்லை என்று யதுஷாவுக்குச் செய்தி அனுப்பினாள். ஏன் என்பதையும் எழுதினாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். கோணேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை. ஆனால் பசித்திருக்கவேண்டும். கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.