நோட்டீஸா, முழு பிளானா?

லொரெய்ன் ஆர்மிட்டேஜ் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பத்தொன்பது வருடமாக எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. எங்களுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவள் தும்மினால் நான் இங்கிருந்தே ‘நூறு’ என்பேன். பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பொறுப்பாளி. நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் என்பதால் எதற்கும் பதறமாட்டாள்.

அவள் கணவன் ரோலண்ட் தபால்காரன். சர்க்கரை நோய் முற்றி, பிப்ரவரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் நடுவில் சக்கர நாற்காலியோடு வீடு திரும்புவான் என்றார் டாக்டர். அவர்கள் சமையலறையிலோ ஆள் திரும்பவே இடமில்லை. அதற்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்தே ஆகவேண்டும்.

மேஸ்திரி வேலையை ரோலண்டின் சித்தப்பா மகன் டெரிக் ஏற்றுக்கொண்டான். மார்ச் முதல் வாரம் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தான்.

“சுவரை எடுக்கப் போறோம்னு கவுன்சிலுக்கு ஒரு நோட்டீஸ் குடுத்துடலாம் லொரெய்ன். படம் கிடம் எதுவும் வேணாம். குடுத்த ரெண்டாம் நாள் சுத்தியலத் தூக்கிடலாம். ரோலண்ட் வர்றதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்.”

“இன்னொரு வழி இருக்காமே?”

“முழு பிளானா? படம் வரையணும், இன்ஜினியர் கணக்குப் போடணும், அப்புறம் கவுன்சில்ல அஞ்சு வாரம் அதை வெச்சுப் பாப்பாங்க. அதுக்குள்ள ரோலண்டுக்குப் புதுக் காலே முளைச்சிடும்!”

லொரெய்ன் சிரித்துவிட்டாள். ஆனால் அவன் போனதும் கவுன்சிலுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

“நோட்டீஸ் குடுத்தா, சுவருக்குப் பதிலா மாடியத் தாங்கப் போற பீம் சரியானதுதானான்னு யாருங்க முன்கூட்டியே பாப்பாங்க?”

“முன்கூட்டி யாரும் ஒப்புதல் தரமாட்டாங்கம்மா,” என்றது எதிர்முனைப் பெண்குரல். “வேலை நடக்கும்போது இன்ஸ்பெக்டர் வருவார். கணக்கு கேட்டா காட்டணும். சரியில்லன்னா பிரிச்சுட்டு மறுபடி பண்ணணும். சின்ன வேலைக்கு நோட்டீஸ் தாராளமாப் போதும். சுவரை எடுக்குறீங்கன்னா யோசிச்சுக்கோங்க. முடிவு உங்களோடது.”

“வயரிங்குக்கு?”

“பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்னா அவரே சான்று குடுத்துடுவார். அதுக்குத் தனியா விண்ணப்பம் வேண்டாம்.”

போனை வைத்தவள், “முழு பிளான்தான்,” என்றாள்.

“ரோலண்ட் என்ன சொல்லுவான்?”

“கத்துவான்.”

மறுநாள் என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொன்னபடியே கத்தினான்.

“அப்ப நான் இங்கயே கிடக்கணுமா?”

“ஏன் கிடக்கணும்? வீட்டுக்கு வா. முன்னறையில கட்டில் போடறேன். கொஞ்ச நாள் சமையக்கட்டுப் பக்கம் வராதே. கால் இருந்தப்ப மட்டும் அங்க என்னத்தக் கிழிச்சே?”

அடுத்த கட்டில்காரர் இருமுவதுபோலச் சிரித்தார். ரோலண்ட் ஜன்னலைப் பார்த்தபடி முணுமுணுத்தான்: “டெரிக் கோவிச்சுப்பான்.”

“கோவிச்சுக்கட்டும். அவன் கோவம் மாடிச் சுவரைத் தாங்காது.”

படம் வரைவதற்கு அளவெடுக்க இன்ஜினியர் மார்ஷா குவார்ம்பி வந்தாள். சமையலறைக் கூரைப்பலகையில் கையகல ஓட்டை போட்டு டார்ச் அடித்தவள், ஏணியில் அசையாமல் நின்றாள். இறங்கி வந்து டெரிக்கையும் என்னையும் கூப்பிட்டாள்.

முன்னால் குடியிருந்தவர் யாரோ இடத்துக்கு ஆசைப்பட்டு, சமையலறையில் இருந்த புகைபோக்கியை மட்டும் இடித்துப் பூசியிருக்கிறார். மாடிப் படுக்கையறையிலிருந்து கூரைவரை மிச்சமெல்லாம் அப்படியே நிற்கிறது. ஒரு டன்னுக்கு மேல் செங்கல். அதைத் தாங்கியவை இரண்டு மரச்சட்டங்களும், நாங்கள் இடிக்கவிருந்த சுவரின் விளிம்பும்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரில் நிற்பதால், அந்தப் புகைபோக்கியில் பாதி என்னுடையது.

டெரிக் ஏறிப் பார்த்தான். “பீம் ஒண்ணு எடுத்தே வெச்சிருந்தேன்,” என்றான். “வெறும் சுவருக்கு அது போதும். இதுக்கு... முத நாளே முட்டுக் குடுக்காம இந்த ஓரத்தத்தான் தட்டியிருப்பேன்.”

“டீ போடட்டா?” என்றாள் லொரெய்ன்.

அன்று மாலைக்குள் டெரிக்கே இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தினான். படத்தில் பீம் இரண்டானது. ஒன்று பொதுச்சுவரில் ஏறுவதால் நானும் கையெழுத்துப் போட்டேன். நெருப்பிலிருந்து பீமுக்கு என்ன பாதுகாப்பு என்று கவுன்சில் விளக்கம் கேட்டது. அதில் இன்னும் சில நாள் போனது.

ரோலண்ட் வந்துவிட்டான். முன்னறையில் கட்டில், பாத்திரத் தண்ணீரில் உடம்பு துடைப்பு. ஒரு பகல், லொரெய்ன் வேலைக்குப் போயிருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் தடாலென்று சத்தம். ஓடினேன். சமையலறை வாசலில் நாற்காலி சிக்கிக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் அவன் அழுதுகொண்டிருந்தான். இழுத்து வெளியே எடுத்தேன்.

லொரெய்ன் வந்ததும் அவளிடம் சொன்னான்: “நோட்டீஸ் குடுத்திருக்கலாம்.”

“இல்ல,” என்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தச் செங்கல் உன் தலையிலயும் என் தலையிலயும் விழாம இருக்கத்தான் இது. இன்னும் கொஞ்ச நாள் பொறு.”

ஒப்புதல் ஏப்ரல் கடைசியில் வந்தது. மூன்று வாரம் வேலை நடந்தது. பீம்களை மூடிப் பூசும்முன் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு முனையையும் கையால் தடவிப் பார்த்தார். “யாரு மேஸ்திரி?” என்றார். டெரிக் தயங்கிக் கையைத் தூக்கினான். “சுத்தமான வேலை,” என்றார். அன்று முழுக்க அவன் சீட்டியடித்தான்.

வேலை முடிந்ததற்கான கவுன்சில் சான்றிதழ் வந்த சனிக்கிழமை, எங்களுக்கெல்லாம் காலைச் சாப்பாடு ரோலண்டின் கையால். பன்றிக்கறித் துண்டுகள் வாணலியில் பொரிந்தன. அவன் அடுப்பிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து அடுப்புக்கும் நாற்காலியை வட்டமடித்துத் திருப்பினான். மூன்றாவது முட்டைக்காகத் தட்டை நீட்டிய டெரிக்கின் காலில் சக்கரம் ஏறிவிட்டது. டெரிக் ஊளையிட்டான்.

“தள்ளி நில்லுடா,” என்றான் ரோலண்ட். “இப்ப இங்க நிறைய இடமிருக்கு.”